நடுகல், நிழல், நஞ்சுண்ட காடு: ஒரு தலைப்பு ஏன் இரண்டாகப் பிரிகிறது?

இலங்கையின் வடக்கே இருக்கிற வன்னியிலிருந்து ஒரு நாவலோ கவிதைத் தொகுப்போ வருகிறது என்றால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முன்னமே அட்டையில் இருக்கிற பெயரை வைத்துக் கதை தொடங்கிவிடும். ஒருவர் "இது எங்களைக் குறை சொல்லுது" என்பார், மற்றவர் "இல்லை, எங்களுக்காகத்தான் கதைக்குது" என்பார். மூன்றே மூன்று சொல், அதற்கு இரண்டு பக்கமும் ஆக்கள். இதில் பல நேரம் இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அந்தப் பெயர் உண்மையிலேயே இரண்டாகப் பிரிகிறது. எந்தச் சொல்லில் பிரிகிறது, எந்த உருபு மறைந்ததால் பிரிகிறது என்று பார்க்கப் பழகினால் விவாதம் பாதி தெளிந்துவிடும். மீதிப் பாதி புத்தகத்தை வாசித்தால்தான் தெளியும்.

அதைப் பார்க்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளை முடிந்தவரை வன்னிக்குள்ளேயே தேடியிருக்கிறேன், இந்த மண்ணிலிருந்து வந்த தலைப்புகளில் இதற்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது.

முதலில் மூன்று சொற்கள்

மயக்கம் என்றால் ஒரு தொடர் ஒன்றுக்கு மேற்பட்ட பொருளுக்கு இடம் கொடுப்பது. எழுதியவர் நினைத்தும் நடக்கலாம், நினையாமலும் நடக்கலாம்.

இரட்டுற மொழிதல் என்றால் நினைத்தே செய்வது. நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் இதுவும் ஒன்று, அதாவது இரண்டு பொருள் வரும்படி சொல்வதை நம் இலக்கணக்காரர் பிழையாக எண்ணவில்லை, ஒரு கருவியாகவே எண்ணினார்கள். செய்யுளில் இதற்குச் சிலேடை என்று பெயர். சொல் பிரியாமல் அப்படியே நின்று இரண்டு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை, பிரித்துப் பார்த்தால் வேறு பொருள் வந்தால் பிரிமொழிச் சிலேடை என்று தண்டியலங்காரம் வகுக்கிறது.

ஆகுபெயர் என்றால் ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வருவது. அ. பாலமனோகரன் 1973இல் எழுதிய 'நிலக்கிளி' தண்ணிமுறிப்புக் காட்டுப்புறத்தில் நடக்கிற கதை. அது பறவையைப் பற்றிய நூல் இல்லை. நிலத்தை ஒட்டியே வாழும், உயரப் பறக்காத அந்தக் கிளி, கதையில் வரும் பெண்ணுக்கு ஆகி வருகிறது. உவமையாகுபெயர் என்பது இதுதான்.

பெயர் வைப்பதற்குப் பழைய விதி

ஒரு நூலுக்குப் பெயர் எப்படி வருகிறது என்று நன்னூல் பாயிரத்தில் ஒரு சூத்திரமே இருக்கிறது. முதனூல், எழுதியவர், அளவு, மிகுதி, பொருள், எழுதச் செய்தவர், தன்மை என்று ஏழு காரணம் சொல்லி, காரணமே இல்லாமல் இடுகுறியாகவும் பெயர் வரும் என்று முடிக்கிறது. தொல்காப்பியம் எழுதியவரால் வந்த பெயர், நாலடி நானூறு அளவால் வந்த பெயர், நன்னூல் தன்மையால் வந்த பெயர். இந்தப் பெயர்களில் சண்டைக்கு இடமே இல்லை. கடைக்காரர் சாக்கில் எழுதி ஒட்டுகிற சீட்டு மாதிரி, உள்ளே இருப்பதை அப்படியே சொல்லும்.

சிலப்பதிகாரத்தில் கதை கொஞ்சம் மாறுகிறது. அதன் பதிகமே "சிலம்பு காரணமாகச் சிலப்பதிகாரம் என்னும் பெயரால்" நூல் செய்வதாகச் சொல்கிறது. கண்ணகியின் பெயரை வைக்கவில்லை, கோவலனின் பெயரை வைக்கவில்லை, கதையைத் திருப்பிப்போட்ட ஒரு கால் அணிகலனை எடுத்துத் தலையில் வைத்தார்கள். அந்த நிமிடத்திலிருந்து தலைப்பு வாசகரிடம் ஒரு வேலை கேட்கிறது: ஏன் சிலம்பு? இன்றைய நாவல் தலைப்புகள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை.

அதே கதையை ஈழத்தில் மூன்று பெயரில் படிக்கிறோம். மட்டக்களப்பில் அது 'கண்ணகி வழக்குரை', யாழ்ப்பாணத்தில் 'கோவலனார் கதை', வன்னியில் 'சிலம்பு கூறல்'. ஒன்று வழக்கை முன்னுக்கு வைக்கிறது, ஒன்று ஆளை, ஒன்று பொருளை. மூன்றில் வன்னிப் பெயர்தான் எனக்கு மிகவும் பிடித்தது, அதன் காரணத்தைக் கீழே முதல் எண்ணிலேயே சொல்கிறேன்.

எங்கெங்கே பிரிகிறது

1. மறைந்த உருபு

தமிழில் இரண்டு பெயரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடையில் இருக்கிற ஐ, ஆல், கு, இன் எல்லாம் மறைந்துவிடும். இதுதான் தொகை. மறைந்தது எது என்று வாசகர்தான் முடிவெடுக்க வேண்டும். தொகையில் இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கலாம் என்று நன்னூலே எண்ணிக்கை கொடுக்கிறது.

உரைகளில் வரும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று 'மரவேலி'. வன்னியில் ஒரு வளவுக்குள் நின்று பார்த்தால் இது நன்றாக விளங்கும். கிளுவங்கதியாலை வெட்டிக்கொண்டுவந்து நெருக்கமாக ஊன்றி, குறுக்கே வரிந்து கட்டிய அன்று அது மரத்தாலான வேலி. மாரி மழை விழுந்து ஒவ்வொரு கதியாலும் கணுவில் பச்சை விட்டு வேர் பிடித்த பிறகு அது மரமாகிய வேலி. உள்ளே நட்ட மாங்கன்றை மாடு கடிக்காமல் அதே வேலி காத்து நிற்கும்போது அது மரத்துக்கு வேலி. ஊன்றியது ஒரு வேலிதான். சொல்லும் ஒன்றுதான்.

இனி 'சிலம்பு கூறல்'. சிலம்பைப் பற்றிக் கூறுவது என்று எடுத்தால் இரண்டாம் வேற்றுமை மறைந்திருக்கிறது. ஆனால் சிலம்பு கூறுவது என்றும் எடுக்கலாம், அப்போது சிலம்புதான் எழுவாய். கதையை நினைத்துப் பாருங்கள். பாண்டியன் சபையில் கண்ணகி சொன்ன எதுவும் வழக்கை முடிக்கவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் சொன்னாள், தங்கள் சிலம்பின் பரல் முத்து என்று பாண்டியன் சொன்னான், சிலம்பு உடைந்தது, "மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே". அந்த வழக்கில் கடைசிச் சாட்சி சொன்னது சிலம்புதான். இன்னொன்றும் இருக்கிறது: சிலம்புதல் என்றாலே ஒலித்தல். பொருள், வினை, சாட்சி மூன்றையும் இரண்டு சொல்லுக்குள் வைத்த பெயர் இது. வேண்டுமென்று வைத்தார்களோ, வாய்வழக்கில் தானாக அமைந்ததோ, இரண்டு பொருளும் கதைக்குள் பலமாக நிற்கின்றன.

தாமரைச்செல்வியின் 'பச்சை வயல் கனவு' என்ற நாவல் தலைப்பிலும் இதே கேள்விதான். பச்சை வயலைப் பற்றிய கனவா, பச்சை வயலின் கனவா, வயலைப் பற்றிய பச்சைக் கனவா? நாம் பச்சை மண் என்கிறோம், பச்சைப் பிள்ளை என்கிறோம், இன்னும் ஈரம் காயாதது, முற்றாதது என்ற பொருளில். காடு வெட்டிக் கழனியாக்கிய கிளிநொச்சி மக்களின் கதைக்கு இந்த மூன்றும் பொருந்தும்.

2. மறைந்த காலம்

கிளிநொச்சியைச் சேர்ந்த தீபச்செல்வனின் நாவல் 'நடுகல்'. இந்தச் சொல் வினைத்தொகை, அதாவது "காலம் கரந்த பெயரெச்சம்". நட்ட கல், நடுகின்ற கல், நடப்போகிற கல் என்று மூன்றும் அதற்குள் ஒன்றாக இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் ஊறுகாய், சுடுசோறு என்று எழுதி மனப்பாடம் செய்த அதே இலக்கணம்தான்.

சங்க இலக்கியம் படிக்கிறவருக்கு நடுகல் என்றால் எப்போதோ நட்ட கல், போரில் இறந்த வீரனுக்கு எடுத்தது. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று அதற்கு முறையே வகுத்திருக்கிறது. வன்னியில் வாசிக்கிறவருக்கு இறந்தகாலம் மட்டும் போதாது. போர் முடிந்த பின் துயிலும் இல்லங்களில் இருந்த கல்லறைகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன, உடைந்த கல்லைக் கூட்டிக் குவித்து அதன் மேல் விளக்கு வைக்கிறார்கள். நட்ட கல் இப்போது இல்லை, நடுகின்ற கை இருக்கிறது, நடப்போகிற கல்லைப் பற்றிய எண்ணமும் இருக்கிறது. காலத்தை வெளிப்படையாகச் சொல்லும் எந்தத் தலைப்பும் இதைத் தாங்கியிருக்காது என்றே நினைக்கிறேன்.

3. பெயரெச்சம் எதைத் தழுவுகிறது

குணா கவியழகனின் 'நஞ்சுண்ட காடு'. உண்ட என்பது பெயரெச்சம். செய்த என்னும் வாய்பாட்டில் வரும் பெயரெச்சம் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று ஆறில் எதையும் தழுவி முடியலாம். ஆகவே:

அ) காடு செய்பவன் என்றால், நஞ்சை உண்டது காடு. உடனே நஞ்சுண்ட நீலகண்டன் நினைவுக்கு வருவான், மற்றவர்கள் பிழைக்கத் தான் நஞ்சை விழுங்கித் தொண்டையில் நிறுத்தியவன்.

ஆ) காடு நிலம் என்றால், நஞ்சு உண்டவர்கள் வேறு, அவர்கள் உண்ட இடம் இந்தக் காடு. போர்க்காலத்தில் போராளிகளின் கழுத்தில் தொங்கிய சயனைட் குப்பியை அறிந்த யாருக்கும் இந்தப் பொருளை விளக்கத் தேவையில்லை.

இ) காடு செய்பொருள் என்றால், உண்டது நஞ்சு, உண்ணப்பட்டது காடு.

முதலாவது தியாகம், இரண்டாவது துயரம், மூன்றாவது அழிவு. இந்தத் தலைப்பைப் பார்த்து ஒருவர் பெருமைப்படுவதும் ஒருவர் கோபப்படுவதும் ஒருவர் அழுவதும் ஒரே பெயரெச்சத்திலிருந்து வருகின்றன. தமிழில் எழுதுகிறவர்கள் இந்த வசதியை இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை.

4. ஒரே சொல்லுக்குள் இரண்டு

பரந்தனில் பிறந்த முன்னாள் போராளி தமிழினியின் தன்வரலாறு 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016இல், அவர் இறந்த மறு வருடம் வந்தது. வந்த நாளிலிருந்து கடுமையாகக் கதைக்கப்பட்ட நூல். தலைப்பில் பிரிவது நிழல் என்ற ஒரு சொல்தான்.

வெயிலில் வந்தவருக்கு நிழல் ஆறுதல். குடைநிழல், தாள்நிழல் என்று காவலையும் அருளையும் நம் மொழி நிழல் என்றே சொல்லிவந்திருக்கிறது. இன்னொரு பக்கம் நிழல் என்றால் இருட்டு, விடாமல் பின்தொடர்வது, மேலே விழுந்து கிடப்பது. கூர்வாளின் நிழலில் இருந்தேன் என்றால் வாள் என்னைக் காத்தது என்பதா, வாள் என் தலைக்கு மேல் தொங்கியது என்பதா? பிறகு, அது யாருடைய வாள்? தலைப்பு அதையும் சொல்லவில்லை. குடைக்கு அகலம் உண்டு, மரத்துக்கு அகலம் உண்டு, கூர்வாளின் நிழலோ ஒரு கோடு, அதில் ஒதுங்கி நிற்க இடமில்லை என்பதால் எனக்கு இரண்டாவது பொருளே கனமாகப் படுகிறது. ஆனால் முதலாவதை அந்தச் சொல்லிலிருந்து யாராலும் பிடுங்கி எறிய முடியாது.

5. முடியாத வாக்கியம்

2002இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' மாங்குளத்தில் தொடங்கும் கதையைக் கொண்ட படம். தலைப்பு பாரதியின் கண்ணம்மா பாட்டிலிருந்து எடுத்த பாதி அடி. முத்தமிட்டால் என்பது எச்சம், அதற்குத் திணை, பால், இடம் எதுவும் கிடையாது, நான் இட்டாலும் நீ இட்டாலும் அவள் இட்டாலும் அதே உருவம்தான். முத்தமிட்டால் என்ன ஆகும் என்பதும் வெட்டுப்பட்டிருக்கிறது. பெற்றவள் வன்னியில், வளர்த்தவள் தமிழ்நாட்டில், நடுவில் ஒரு பிள்ளை. படம் முழுக்க நாம் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்வி முத்தமிடுவது எந்தத் தாய் என்பதுதான். எழுவாயை மறைத்த இலக்கணமும் கதையின் கேள்வியும் இங்கே ஒன்றாகிவிட்டன.

6. ஊர் மாறினால் பொருள் மாறும் சொற்கள்

'வன்னியாச்சி' என்று தாமரைச்செல்விக்கு ஒரு சிறுகதைத் தொகுப்பு உண்டு. எங்களுக்கு ஆச்சி என்றால் அம்மம்மாவும் அப்பம்மாவும். செட்டிநாட்டில் ஆச்சி என்பது வீட்டுப் பெண்ணை மரியாதையாகச் சொல்லும் சொல், வயதானவர்தான் என்று இல்லை. வன்னி என்றால் எங்களுக்கு நிலம். அகராதியில் அது நெருப்பு, ஒரு மரமும் கூட. தமிழ்நாட்டில் வன்னியர் என்றதும் ஒரு சமூகத்தின் பெயர்தான் முதலில் வரும்.

முல்லைமணி 'பண்டாரவன்னியன்' என்று நாடகம் எழுதினார். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய வன்னி அரசன் எங்கள் மனதில் வருவான், கற்சிலைமடுவில் இருக்கும் கல்லும் வரும். கடலுக்கு அந்தப் பக்கம் வாசிக்கிறவருக்குப் பண்டாரம் என்றால் பூக்கட்டுகிறவர் அல்லது பரதேசி, வன்னியன் என்றால் சாதி. இலங்கையில் பண்டார என்பது அரச குடியினரின் பெயர்களோடு வரும் பட்டம் என்று தெரியாவிட்டால் தலைப்பு அவருக்கு வேறு எங்கோ போய்விடும். இது எழுதியவர் நினைத்துச் செய்த மயக்கம் இல்லை, தூரம் செய்த மயக்கம்.

இதனால் வரும் விளைவுகள்

1. வாசிகசாலை அலுமாரியில் இடம் மாறுகிறது. டூயி தசம முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. பெயரை மட்டும் பார்த்து எண் போட்டால் நிலக்கிளி பறவைகளோடும் நடுகல் தொல்லியலோடும் போய் நிற்கும். தேடுகிறவருக்கு அந்தப் புத்தகம் இல்லாத புத்தகம்தான்.

2. மொழிபெயர்ப்பாளர் ஒரு பொருளைத் தேர்ந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் மரநிழலுக்கு ஒரு சொல்லும் ஆளின் நிழலுக்கு வேறொரு சொல்லும் இருப்பதால் கூர்வாளின் நிழலில் பாதி வெளியே நிற்கும். முத்தமிட்டால் என்பதை வெறும் முத்தமாகப் பெயர்த்தபோது 'ஆல்' போய்விட்டது, அதோடு கேள்வியும் போய்விட்டது.

3. அட்டை வடிவமைப்பில் பிழை வருகிறது. தந்த பலகை என்றால் யாரோ கொடுத்தது, தந்தப் பலகை என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. வேலை கொடு, வேலைக் கொடு இரண்டும் ஒன்றில்லை. அழகுக்காக ஒரு 'ப்' அல்லது 'க்' அட்டையிலிருந்து விழுந்தால் புதுப் பொருள் பிறந்துவிடும். நடுகல்லை இரண்டு வரியாகப் பிரித்து நடு மேலேயும் கல் கீழேயும் போட்டால் அது மத்தியில் இருக்கிற கல். அச்சுக்குப் போக முன் நூலை அறியாத ஒருவரிடம் தலைப்பை மட்டும் காட்டிச் சத்தமாக வாசிக்கச் சொல்வது நல்லது.

4. மிக முக்கியமானது இது: தலைப்பை வைத்து ஆளை முடிவுகட்டுகிறோம். ஒரு பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதியவர் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று தீர்ப்பு எழுதுவது எங்கள் சூழலில் சின்ன விஷயம் இல்லை. அதன் வலி நீண்ட நாள் இருக்கும்.

எல்லா மயக்கமும் நல்லதா?

இல்லை. நான் பாவிக்கும் அளவுகோல் ஒன்றுதான். கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்த பிறகு தலைப்புக்குத் திரும்பி வாருங்கள். இரண்டு பொருளும் இன்னும் நிற்கின்றனவா? நின்றால் அது இரட்டுற மொழிதல், எழுதியவருக்கு நன்றி சொல்லலாம். ஒன்று சரிந்துவிட்டதா? அப்படியென்றால் அது வாசகரைக் கடைக்குள் இழுக்கப் போட்ட தூண்டில், அல்லது கவனக்குறைவு. துயரத்தைக் காட்டும் பெயரை வைத்துவிட்டு உள்ளே அதைத் தொடவே தொடாத புத்தகங்களில் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அந்தச் சொற்களுக்குப் பின்னால் உண்மையான ஆக்கள் இருக்கிறார்கள்.

இந்த அளவுகோலுக்கு மிகப் பழைய சாட்சி பத்துப்பாட்டில் இருக்கிறது. நக்கீரர் பாடிய 'நெடுநல்வாடை', 188 அடி. ஒரே வாடைக்காற்று, அதற்கு நெடு என்றும் நல் என்றும் இரண்டு அடை. உரைகாரர் விளக்கம் இப்படிப் போகிறது: அரண்மனையில் தலைவனைப் பிரிந்து படுத்திருக்கும் அரசிக்கு அந்த வாடை முடிவில்லாமல் நீள்கிறது, ஆகவே நெடு. பாசறையில் வெற்றியோடு நிற்கும் அரசனுக்கு அதே வாடை நல்லதாக இருக்கிறது, ஆகவே நல். ஒரு தலைப்புக்குள் இரண்டு பேருடைய இரவு இருக்கிறது, பாட்டு முடிந்த பிறகும் ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

இதை வன்னியில் படிப்பிக்க உரை தேவையில்லை. வாடை தொடங்கினால் முல்லைத்தீவுக் கரையில் கடல் கொந்தளிக்கும், வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வலையைப் பொத்திக்கொண்டு நாள் எண்ணுகிறவருக்கு அது நெடு. அதே காற்றோடு வரும் மாரி மழையை நம்பிக் காலபோகம் விதைத்துவிட்டு, முத்தையன்கட்டுப் பக்கம் வரம்பில் நின்று வானத்தைப் பார்க்கிறவருக்கு அது நல்.